குதுரேமுக் என்று பணம் வாங்கிவிட்டு வியூ பாயிண்ட் காட்டினார்கள்: ஆபீஸ் குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் கம்பெனி நண்பர்கள் சேர்ந்து மலையேறப் போவது இப்போது அதிகமாகிவிட்டது. அட்வான்ஸ் போடுவதற்கு முன் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஏற்பாட்டாளரின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயரை மாற்றிக்கொண்டு அடுத்த வாரமே புதுப் பக்கம் தொடங்குவது இந்தத் தொழிலில் சகஜம். பெயரைவிட இவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உதவும்.

போன சீசனில் மணலியில் ஒரே ஷிப்டில் வேலை பார்க்கும் 22 பேர், தலைக்கு 5,200 ரூபாய் வீதம் 1,14,400 ரூபாய் கட்டினார்கள். பாதி முன்கூட்டியே ஜிபேயில், மீதி வண்டி ஏறும்போது. போஸ்டரில் இருந்தது இது: வெள்ளி இரவு புறப்பாடு, சனி காலை கர்நாடகாவிலுள்ள குதுரேமுக் சிகரம், இரவு ஹோம்ஸ்டேயில் கேம்ப் ஃபயர், ஞாயிறு அருவி, திங்கள் விடிகாலை சென்னை. காட்டு அனுமதி, வழிகாட்டி, ஜீப், சாப்பாடு எல்லாம் இதிலேயே அடக்கம்.

இந்த அட்டவணையைப் பார்த்தாலே ஏமாற்று தெரிந்துவிடும். மணலியிலிருந்து வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு, ஹாசன் வழியாக, மலையடிவாரத்திலுள்ள சம்சே ஊர் 600 கிலோமீட்டருக்கு மேல். டெம்போ டிராவலரில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், 80க்கு மேல் போகாது. டீ, டீசல், கடைசியில் மலைப்பாதை என்று சேர்த்தால் சராசரி 50 வந்தாலே பெரிது. அதாவது நிற்காமல் ஓடினாலே 12 மணி நேரம். இதில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எம்.எஃப்.எல். சந்திப்பில் ஏறச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்துக் கன்டெய்னர் லாரி வரிசையை இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். மாதவரம் ரவுண்டானாவில் நாலு பேர், பூந்தமல்லியில் மூன்று பேர் என்று ஏற்றிக்கொண்டு ஊரைத் தாண்டும்போது மணி பத்தாகப் போகிறது. சம்சே போய்ச் சேர்ந்தது சனி நண்பகல்.

குதுரேமுக்கில் காலையில் மட்டும்தான் மேலே விடுவார்கள். உயரம் 1,894 மீட்டர். நடை தொடங்கும் முள்ளோடியிலிருந்து போக வர 18 முதல் 20 கிலோமீட்டர், சராசரி ஆளுக்கு 7 முதல் 9 மணி நேரம். தேசியப் பூங்கா என்பதால் உள்ளே இரவு தங்க முடியாது, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். நண்பகலில் வந்து நிற்கும் குழுவை எந்த வனக் காவலரும் விடமாட்டார். சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி சனி காலை இந்த மலை ஏறலாம் என்று யார் சொன்னாலும், அவர் அங்கே போனதே இல்லை, அல்லது போய்வந்து தெரிந்தே பொய் சொல்கிறார். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சனிக்கிழமையைப் பயணத்துக்கும் ஓய்வுக்கும் விட்டு, ஞாயிறு காலை ஆறு மணிக்கெல்லாம் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள், திங்களுக்கு லீவு போடச் சொல்வார்கள். லீவு போட யோசிக்கிறவர்களைப் பிடிக்கத்தான் அந்தப் பொய் அட்டவணை.

வண்டி விஷயமும் இதே கதைதான். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலே செக்போஸ்டில் முக்கால் மணி நேரம் நின்றது, கர்நாடக வரி கட்டவில்லை என்று. அகில இந்திய சுற்றுலா பர்மிட் இருந்தால் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் வராது. டிரைவர் ஆளுக்கு 100 ரூபாய் கேட்டார், கொடுத்தார்கள். வண்டி எண்ணை முதல் நாளே கேட்டு வாங்கி எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் பர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் மூன்றும் தெரிந்துவிடும். வெள்ளை போர்டு வண்டி வந்தால் ஏறவே ஏறாதீர்கள். சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்தானால், இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்க அதுவே போதும்.

சனிக்கிழமை ஏற முடியாமல் போக, பெரிய அடி ஞாயிறு காலை விழுந்தது. குதுரேமுக்குக்கு ஒரு நாளைக்கு 300 பேர்தான். கர்நாடக வனத்துறையின் இணையதளத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் முன்பதிவு, அடிவாரத்தில் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்பார்கள். சீசனில் சனி, ஞாயிறு இடங்கள் திறந்த வேகத்தில் தீரும். அதனால் சில ஏற்பாட்டாளர்கள் கையில் கிடைத்த பெயர்களைப் போட்டு மொத்தமாக இடம் பிடித்து வைத்துவிட்டு, ஆளை அப்புறம் தேடுகிறார்கள். இந்த 22 பேரில் சொந்தப் பெயரில் டிக்கெட் இருந்தது 8 பேருக்கு. மீதி 14 பேரிடம் “ஸ்பாட்ல பேசிக்கலாம், நமக்குத் தெரிஞ்ச ரேஞ்சர்தான்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கேட்டில் ஆதாரும் டிக்கெட்டும் பொருந்தவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த 14 பேரையும் ஒரு வியூ பாயிண்டுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்கும் ஜீப் வாடகை தனியாகத் தலைக்கு 500.

டிக்கெட் இருந்த எட்டுப் பேர் தப்பித்தார்கள் என்று நினைக்காதீர்கள். அனுப்பிய சாமான் பட்டியலில் ‘ஷூ’ என்று ஒரு சொல்தான். நான்கு பேர் கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவோடு போய்விட்டார்கள். கெட்டியாக இருக்கிறதே என்று தோன்றும்தான். ஆனால் அதன் முன்பக்கத்தில் இரும்புத் தொப்பி இருக்கிறது. ஏறும்போது எடை மட்டும்தான் உறுத்தும். இறங்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் சரிந்து நகம் இரும்பில் இடிக்கும். பத்துக் கிலோமீட்டர் இறங்கினால் பெருவிரல் நகத்தடியில் ரத்தம் கட்டி, அடுத்த வாரம் நகம் கழன்று வரும். இரண்டு பேருக்கு அதுதான் ஆனது. வழியில் ஓடைகளைக் கடக்க வேண்டும். அந்த ஷூ ஒருமுறை நனைந்தால் அன்றைக்குக் காயாது, குதிகாலில் கொப்புளம் வந்துவிடும். பிடிப்புள்ள அடிப்பாகம் கொண்ட மலையேற்ற ஷூ, வழக்கமான அளவைவிட அரை சைஸ் பெரிதாக, இரண்டு வாரம் போட்டுப் பழக்கியது. போவதற்கு முந்தின நாள் நகம் வெட்டுவது. மாற்றுக்கு ஒரு ஜோடி சாக்ஸ். பட்டியலில் இதை எழுத என்ன செலவு?

கூட வந்த ‘ட்ரெக் லீடர்’ ஒரு கல்லூரிப் பையன், அவனுக்கும் அந்த மலை முதல்தடவை. முதலுதவிப் பையில் இருந்தது பேண்ட் எய்டும் வலி ஸ்பிரேயும். கிரேப் பேண்டேஜ் இல்லை, ஓ.ஆர்.எஸ். இல்லை. பாதையில் வரும் ஒண்டிமரம் என்ற இடத்தைத் தாண்டியதும் நிழல் குறைந்து புல்வெளியும் வெயிலும்தான். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீராவது கையில் வேண்டும், இவர்களுக்குக் கொடுத்தது ஒரு லிட்டர் பாட்டில். முன்னால் ஒருவர் வழிகாட்டினால் கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொருவர் வரவேண்டும் என்பது அரிச்சுவடி. எட்டுப் பேர் மூன்று துண்டாகப் பிரிந்து நடந்தார்கள். வனத்துறை கட்டாயமாக அனுப்பும் உள்ளூர் வழிகாட்டி இல்லாவிட்டால் கடைசி இரண்டு பேர் எங்கே திரும்பியிருப்பார்களோ.

அனுமதி என்பது வெறும் காகிதம் என்று நினைக்கிறவர்கள் 2018 மார்ச் 11ஐ மறந்திருக்க மாட்டார்கள். தேனி மாவட்டக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் இறந்த 20க்கும் மேற்பட்டவர்களில் சென்னையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். அதன் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரிலிருந்து வனத்துறையே 40 பாதைகளுக்கு ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் நேரடியாக முன்பதிவு எடுக்கிறது, எளிது, மிதமானது, கடினம் என்று பிரித்தும் வைத்திருக்கிறார்கள். முதல்முறை போகும் ஆபீஸ் குழுவுக்கு இதுவே போதும், இடைத்தரகரே வேண்டாம்.

வேறு மாநில மலைதான் வேண்டும் என்றால், அட்வான்ஸுக்கு முன் ஆளாளுக்கு அவரவர் பெயரிலுள்ள காட்டு டிக்கெட்டைக் கேளுங்கள். “கிளம்புற அன்னிக்கு அனுப்பறேன் ப்ரோ” என்றால் டிக்கெட் இல்லை என்று அர்த்தம். பில் கேளுங்கள். பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அது 15 எழுத்து, தமிழ்நாட்டுப் பதிவென்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரியும். பணம் தனிநபர் ஜிபே எண்ணுக்குப் போகிறதென்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: போஸ்டர், வாட்ஸ்அப் உரையாடல், ஜிபே பரிவர்த்தனை எண், கேட்டில் திருப்பிவிடப்பட்ட நாளின் படங்கள், எல்லாவற்றையும் சேமியுங்கள். குரூப்பை அட்மின் மூடுவதற்குள் சாட்டை எக்ஸ்போர்ட் செய்துவிடுங்கள், இவர்கள் திங்கள் மதியமே மூடிவிட்டார்கள். ‘நோ ரீஃபண்ட்’ என்று போஸ்டரில் போட்டுவிட்டால் தராத சேவைக்கும் பணம் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. முதலில் 1915 நுகர்வோர் உதவி எண், அதில் அசையவில்லை என்றால் எழுத்தில் நோட்டீஸ், பிறகு சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், ஏற்பாட்டாளர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி. கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். அந்த 14 பேருக்கு இதுவரை திரும்பி வந்திருப்பது காட்டு நுழைவுக் கட்டணம் மட்டும்தான். மீதிக்கு நோட்டீஸ் போயிருக்கிறது.