வீணையோடு விமானம் ஏறுபவர்களே, செக்-இன் கவுன்ட்டரில் நீட்டும் டேக்கில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மயிலாப்பூரில் வீணை சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒரு கச்சேரிக்காகச் சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனேன். வீணை நாலடிக்கு மேல் நீளம், ஃபைபர் பெட்டியில் வரும் என்று கஸ்டமர் கேரில் முன்கூட்டியே இரண்டு தடவை சொல்லி, "பிரச்சினை இல்லை மேடம், எடுத்துட்டு வாங்க" என்ற பதிலையும் கேட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். அதை மெயிலில் வாங்கியிருக்க வேண்டும்.

கவுன்ட்டரில் டேப் வைத்து அளந்தார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது என்று தனிக் கட்டணம் கேட்டார்கள், கட்டினேன். அப்புறம் ஒரு டேக்கை நீட்டி, "சும்மா ஃபார்மாலிட்டி, சைன் பண்ணுங்க" என்றார்கள். பின்னால் பெரிய க்யூ. போட்டுவிட்டேன். உடையக்கூடிய பொருள், சேதமானால் நிறுவனம் பொறுப்பில்லை என்று அதில் இருந்திருக்கிறது. லிமிடெட் ரிலீஸ் டேக் என்பார்களாம்.

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெட்டி ஓரம் வெடித்து வந்தது. வீணையின் மேல்முனையில் மாட்டும் சுரைக்காயைக் கழற்றிக் கையில் வைத்திருந்ததால் அது தப்பியது. உள்ளே குடமும் (உருண்டையான அடிப்பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்துப் பகுதி) சேரும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு, மெழுகு பெயர்ந்து, அதில் பதித்திருந்த ஐந்தாறு மெட்டுகள் (தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோகக் கட்டைகள்) தனியாகக் கிடந்தன. என் குரு கொடுத்த வீணை அது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உடனே புகார் எழுதி நகல் வாங்கினேன். மூன்று வாரம் கழித்து வந்த பதில் ஒரே வரி: கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், நஷ்டஈடு கிடையாது.

அப்படி முழுசாகக் கைகழுவ முடியாது. சர்வதேசப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது. நிறுவனத்தின் பொறுப்பை ரத்து செய்யும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று அதன் 26ஆம் பிரிவு சொல்கிறது. பெட்டிக்குள் சரியாக வைக்காததால்தான் உடைந்தது என்று அவர்கள் வாதாடலாம், அதனால் பெட்டியை மூடும் முன் உள்ளே வெளியே எல்லாம் போட்டோ எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை. சேதத்தை 7 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். நஷ்டஈட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), நம் பணத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும். வீணை அதைவிட விலை கூடியது என்றால் செக்-இன் செய்யும்போதே மதிப்பை எழுதிக்கொடுத்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டுங்கள்.

விமானப் பயணிகளின் புகார்களுக்கான மத்திய அரசுத் தளமான ஏர்சேவாவில் புகார் போட்டிருக்கிறேன். வீணை ஆசாரியிடம் இருக்கிறது. ஒட்டி, 24 மெட்டுக்கும் புதிதாக மேளம் கட்ட வேண்டுமாம், அதாவது மெழுகில் சுருதி பார்த்து மறுபடி பதிக்க வேண்டுமாம். இந்த டேக்கில் கையெழுத்துப் போட்ட பிறகும் பணம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால், எப்படி வாங்கினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.