கூடுதல் பணமா, களமிறங்கும் வாய்ப்பா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு குவார்ட்டர்பேக்கின் தேர்வு

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு விளம்பரங்களில் பொருளீட்டலாம் என்று 2021 ஜூலை 1 முதல், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. அனுமதித்தது. 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகங்களே தங்கள் வருவாயிலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதலாண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு ஏறத்தாழ 2.05 கோடி டாலர். இதனால், பள்ளிப் படிப்பை முடிக்கவிருக்கும் திறமையான குவார்ட்டர்பேக் (பந்தைக் கையால் எறிந்தும் தூக்கிக்கொண்டு ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர்) ஒருவரின் வீட்டுக்கு இன்று இரண்டு வகையான அழைப்புகள் வருகின்றன. ஒன்றில் பெரிய தொகை இருக்கிறது, ஆனால் அந்த அணியில் அவருக்கு முன்பாகவே இரண்டு மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள். மற்றொன்றில் தொகை சிறியது, ஆனால் விரைவில் களமிறங்கும் வாய்ப்பும், தம்மை உருவாக்கத் துடிக்கும் பயிற்சியாளரும் கிடைப்பார்கள்.

மற்ற இடங்களில் ஆடுபவர்களைவிடக் குவார்ட்டர்பேக்குக்கு இந்தத் தேர்வு கடினமானது, ஏனெனில் அந்த இடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். எதிரணியின் தடுப்பு வியூகத்தை ஓரிரு நொடிகளில் படித்துப் பந்தை எங்கே எறிவது என்று முடிவெடுக்கும் பழக்கம், நிஜ ஆட்டங்களில் அடிபட்டு எழுந்துதான் வருகிறது. பயிற்சித் திடலில் அதில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

வளர்ச்சியின் பக்கம் நிற்பவர்களுக்குக் கேம் வார்ட் என்ற குவார்ட்டர்பேக்கைவிடச் சிறந்த சான்று இல்லை. டெக்சாஸில் அவர் படித்த பள்ளியின் அணி பந்தை எறிவதைவிடத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பியிருந்ததால், பெரிய பல்கலைக்கழகங்களின் பார்வை அவர்மீது விழவில்லை. சான் அன்டோனியோவிலுள்ள இன்கார்னேட் வேர்ட் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்கள் ஆடினார். அங்கு தம்மைப் பயிற்றுவித்த எரிக் மோரிஸைப் பின்தொடர்ந்து வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று மேலும் இரண்டு பருவங்கள் ஆடினார். அதன்பிறகுதான் மயாமி பல்கலைக்கழகம், அதன்பிறகுதான் பெரிய பணம். அங்கு 2024 பருவத்தில் 39 டச்டவுன் பாஸ்களை (புள்ளி பெற்றுத்தரும் எறிதல்கள்) எறிந்து, தொழில்முறைக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2025 டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வானார். நான்காண்டுக்கு 4.8 கோடி டாலருக்கும் மேற்பட்ட அந்த முதல் ஒப்பந்தத்தின் முன் எந்தக் கல்லூரித் தொகையும் சிறியதே. அவர் பணத்தை ஒதுக்கவில்லை. அதைக் கேட்கும் காலத்தைத் தள்ளிவைத்தார் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

பணத்தை முன்வைத்த பாதையில் ஜேடன் ரஷாடா என்ற குவார்ட்டர்பேக்கின் கதை வேறு மாதிரியானது. புளோரிடா பல்கலைக்கழகத்தில் சேர்வதை ஒட்டி அவருக்கு 1.385 கோடி டாலர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. ஆனால் அந்தப் பணம் வரவில்லை, 2023 ஜனவரியில் அவர் அங்கிருந்து விலகினார். அதன்பின் அரிசோனா ஸ்டேட், ஜார்ஜியா, சாக்ரமென்டோ ஸ்டேட் என மூன்று ஆண்டுகளில் மூன்று அணிகள். ஒவ்வொரு மாற்றத்திலும் புதிய ஆட்டத்திட்டத்தை முதலிலிருந்து கற்க வேண்டும்; படித்த பாடங்களின் மதிப்பலகுகள் முழுவதும் புதிய கல்லூரியில் ஏற்கப்படும் என்ற உறுதியும் இல்லை.

இருந்தாலும் வளர்ச்சியைக் காரணம் காட்டி எடுக்கும் முடிவும் பாதுகாப்பானதல்ல, ஏனென்றால் அது பெரும்பாலும் பயிற்சியாளர் என்ற ஒரு தனிமனிதரின் வேலை நீடிப்பதை நம்பியிருக்கிறது. டென்னசி பல்கலைக்கழகத்துடன் ஊதியப் பேச்சில் உரசல் ஏற்பட்டதாகச் செய்திகள் வந்த நிலையில், 2025 வசந்தத்தில் நிக்கோ ஐயமலியாவா என்ற குவார்ட்டர்பேக் கலிபோர்னியாவிலுள்ள யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு மாறினார். புதிய பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களிலும் அணி தோற்றதும் தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டார். யாரை நம்பிப் போனாரோ அவர் செப்டம்பர் பாதியிலேயே இல்லை. வார்டும் வாஷிங்டன் ஸ்டேட்டில் மோரிஸை ஒரே பருவத்தில் இழந்தவர்தான். ஆனால் அதற்குள் அவர் முதல்நிலை ஆட்டக்காரராக நிலைபெற்றிருந்தார்.

ஆகவே, பணத்தைவிட வளர்ச்சியைப் பார் என்று பலர் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் அறிவுரையிலிருந்து என் முடிவு மாறுபட்டது. தொழில்முறை ஆட்டத்துக்குப் போகும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கும் சிலர் களமிறங்கும் வாய்ப்பைத் தேடட்டும். மற்றவர்கள் பணத்தைத் தயங்காமல் கேட்கட்டும். என்.சி.ஏ.ஏ.வின் கணக்குப்படியே, கல்லூரிக் கால்பந்து வீரர்களில் என்.எஃப்.எல். வரை செல்பவர்கள் நூற்றுக்கு இருவருக்கும் குறைவு. மீதமுள்ளவர்களுக்குக் கல்லூரியில் வரும் தொகைதான் விளையாட்டு தரும் முதலும் கடைசியுமான ஊதியம். பத்தொன்பது வயதில் கிடைக்கும் ஒரு லட்சம் டாலர் தாயின் வீட்டுக் கடனை அடைக்கும் என்றால், அதைக் கேட்பது பேராசை அல்ல. அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ‘பணத்துக்காக ஆடுகிறார்கள்’ என்று சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம் உண்டு. பயிற்சியாளர்கள் கூடுதல் ஊதியத்துக்கு அணி மாறும்போது இந்தக் குரல் இவ்வளவு ஓங்கி ஒலிப்பதில்லை.

எந்தப் பாதையாக இருந்தாலும் கையெழுத்திடுவதற்கு முன், அழைப்பை நீட்டிய அணியுடன் தொடர்பில்லாத வழக்கறிஞர் ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்ட வேண்டும். தொகையைக் கொடுப்பது பல்கலைக்கழகமா, வெளியிலுள்ள ஆதரவாளர் குழுவா என்பது முதல் கேள்வி. எதிர்த்தரப்பு எந்தக் காரணமும் சொல்லாமல் விலக இடமிருக்கிறதா, பயிற்சியாளர் போய்விட்டால் வீரரும் இழப்பீடின்றிப் போகலாமா என்பவை அடுத்தவை. இவற்றுக்கு எழுத்தில் பதில் கிடைக்காத அழைப்பு எத்தனை கோடியைச் சொன்னாலும், எழுத்தில் பதில் தரும் சிறிய தொகைக்கே நான் மதிப்பளிப்பேன்.