'ஐ7 கேமிங் பிசி, 4 ஜிபி கிராபிக்ஸ்': உள்ளே இருந்தது 2010-ம் வருஷத்துக் கார்டு

பழைய கணினி விற்கும் கடையின் விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "ஐ7 கேமிங் பிசி, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி, ஆர்ஜிபி கேபினெட், 28,000 ரூபாய், ஒரு வாரம் டெஸ்டிங் வாரண்டி." கடையில் ஜிடிஏ 5 போட்டுக் காட்டினார்கள், ஓடியது. வீட்டுக்கு வந்து பத்து நாள் கழித்து என்விடியா டிரைவரை (கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளை) புதுப்பித்ததும் திரை கறுப்பானது. கடைக்கு போன் போட்டால் வந்த பதில்: "டிரைவர் அப்டேட் பண்ணாதீங்கன்னு அன்னைக்கே சொன்னோமே சார்."

அந்த ஒரு வரியிலேயே திருட்டு வெளியே வந்துவிட்டது. அசல் கார்டு எதற்கும் டிரைவரைத் தொடாதே என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது என்விடியாவின் பழைய கார்டான ஜிடிஎஸ் 450. 2010-ல் வந்தது, 192 கோர், 1 ஜிபி மெமரி. அதன் பயாஸை (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) அழித்து, 1050 டிஐ என்ற பெயரும் 4 ஜிபி என்ற பொய்யும் எழுதப்பட்ட வேறு பயாஸை ஏற்றியிருக்கிறார்கள். விண்டோஸ் பயாஸ் சொல்லும் பெயரை நம்பும்; டிவைஸ் மேனேஜரில் 1050 டிஐ என்றே காட்டும். கூடவே திருத்திய பழைய டிரைவர் ஒன்று. இந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புது டிரைவர் தருவதை என்விடியா 2018 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. அதனால்தான் இன்றைய டிரைவரைப் போட்டால் ஒன்று ஏறாது, இல்லையென்றால் திரை போய்விடும். கேம் மெனு நன்றாக வரும், கொஞ்ச நேரம் விளையாடவும் முடியும். 1 ஜிபி நிரம்பி, இல்லாத இரண்டாவது ஜிபியைத் தேடும்போது அப்படியே விழும். ஜிடிஏ 5-ஐ ஓட்டிக் காட்டியதிலும் பெரிய வித்தை இல்லை. அதன் பழைய பதிப்பின் குறைந்தபட்சத் தேவையே 1 ஜிபி கார்டுதான்.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருள்கூட வேண்டாம், பின்பக்கத்தைப் பார்த்தால் போதும். 1050 டிஐ தலைமுறையிலிருந்து என்விடியா அனலாக் (விஜிஏ) வெளியீட்டையே எடுத்துவிட்டது. கார்டில் நீல நிற விஜிஏ போர்ட் இருந்து, பெயர் 1050 டிஐ என்றால், பேச்சுவார்த்தை அங்கேயே முடிந்தது. 6 பின் பவர் இணைப்பைச் சிலர் ஆதாரமாகச் சொல்வார்கள். அது சந்தேகத்துக்கு மட்டும்தான் இடம் தரும். 1050 டிஐக்கு 75 வாட் போதும், பெரும்பாலும் மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்ளும், ஆனால் 6 பின் வைத்த அசல் மாடல்களும் உண்டு.

அடுத்தது ஜிபியு-இசட், கார்டின் விவரங்களைக் காட்டும் மென்பொருள். கடைக்காரர் கணினியில் இருப்பதைத் திறக்காதீர்கள், நீங்களே இறக்கி பென் டிரைவில் கொண்டுபோங்கள். 2018-ல் வந்த 2.12 பதிப்பிலிருந்து போலி என்விடியா கார்டுகளை அது அடையாளம் கண்டு, பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று அடைப்புக்குறிக்குள் போடுகிறது. கோர் (ஜிபியு-இசட்டில் 'ஷேடர்ஸ்') எண்ணிக்கை 768 இருக்கிறதா, கீழே வல்கன் (புது கேம்கள் பயன்படுத்தும் கிராபிக்ஸ் முறை) கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஜிடிஎஸ் 450 வல்கனை அறியாத கார்டு. என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் வேறு விளையாட்டு: ஆர்எக்ஸ் 580 என்றால் 2304 ஷேடர் இருக்க வேண்டும். 2048 இருந்தால் அது '2048 எஸ்பி' என்ற வேறு கார்டு, ஷேடர் கணக்கில் ஆர்எக்ஸ் 570-க்குச் சமம். போலி என்று சொல்ல முடியாது, ஆனால் 580 விலை கொடுக்கக் கூடாது.

பிராசஸர் பொய் இல்லை, பாதி உண்மை. ஐ7 தான், ஆனால் ஐ7-2600, 2011-ல் வந்த 2-ம் தலைமுறை. விளம்பரத்தில் 'ஐ7' என்று மட்டும் போட்டு நான்கு இலக்க எண்ணை விட்டிருந்தால் காரணம் இதுதான். 4 கோர், டிடிஆர்3 ரேம். ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு கிடையாது, அதைக் கேட்கும் புது கேம்கள் திறக்கவே திறக்காது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது, விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் 8-ம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். குறுக்கு வழியில் 11 ஏற்றித் தருவார்கள். ஏறும். ஆனால் வேலரண்ட் விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் (கணினி தொடங்கும்போதே மென்பொருளைச் சரிபார்க்கும் வசதி) இரண்டும் இல்லாமல் உள்ளே விடாது. பையன் கேட்டது அந்த ஒரு கேமுக்காகத்தான் என்றால் மொத்தப் பணமும் வீண். 'திஸ் பிசி' பிராப்பர்ட்டீஸில் வரும் பிராசஸர் பெயரையும் நம்ப வேண்டாம், ரெஜிஸ்ட்ரியில் மாற்றலாம். மதர்போர்டு பயாஸுக்குள் போய்ப் பாருங்கள், இல்லாவிட்டால் பிராசஸர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில்.

எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: பெயர் தெரியாத '500 வாட்' பெட்டி, கையில் எடுத்தால் காற்றுபோல இருந்தது. 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று ஸ்டிக்கரைப் படித்து 12-ஆல் பெருக்குங்கள், கிராபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸருக்கும் உண்மையில் கிடைக்கும் வாட் ஏறக்குறைய அதுதான். ஆபீஸில் கழித்த டெல், ஹெச்பி பெட்டியில் கார்டு சொருகி விற்றால் இன்னொரு சிக்கல். பல மாடல்களில் மதர்போர்டு பவர் இணைப்பே தனி வகை (ஆப்டிப்ளெக்ஸ் 9020-ல் 8 பின்), கடையில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது.

கடைக்குப் போனால், கணினி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் அணைக்கச் சொல்லி, ஆறிய பிறகு உங்கள் கண்முன் ஆன் செய்யச் சொல்லுங்கள். சூடானால் மறைந்து, ஆறினால் வரும் கோளாறுகள் உண்டு. பக்கவாட்டு மூடியைத் திறந்து கார்டு, ரேம், எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர்களைப் படம் எடுங்கள். மானிட்டர் கேபிள் கார்டில் சொருகியிருக்க வேண்டும், மதர்போர்டில் இல்லை. பிறகு கார்டை முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும் பர்மார்க் மென்பொருள், 15 நிமிடம். புள்ளி, கோடு, நிறச் சிதறல் வந்தாலோ, சூடு 85 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாலோ, அணைந்து அணைந்து வந்தாலோ விட்டுவிடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ஹார்ட் டிஸ்கின் ஓடிய மணிநேரமும் 'காஷன்' எச்சரிக்கையும் தெரியும். கடைக்காரர் "ஆறு மாசம்தான் ஓட்டினது" என்று சொல்லி அங்கே 30,000 மணி நின்றால், அது கிட்டத்தட்ட மூன்றரை வருஷம் இடைவிடாமல் ஓடியது.

விலை பேசும்போது கேபினெட்டையும் விளக்குகளையும் கணக்கில் எடுக்காதீர்கள். பிராசஸர், போர்டு, ரேம், கார்டு, எஸ்எம்பிஎஸ், டிஸ்க் என்று ஒவ்வொன்றுக்கும் பழைய பொருள் விலையைச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டு கடையில் விசாரித்துக் கூட்டிப் பாருங்கள். 8-ம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் என்றால், கார்டைத் தவிர மீதிக்கு ஆபீஸ் கணினி விலைதான். அதற்கு மேல் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

பில் கட்டாயம் வாங்குங்கள். 'கேமிங் பிசி 1' என்று எழுதிய பில் காகிதத்துக்குச் சமம். கார்டின் முழுப் பெயர், சீரியல் எண், பிராசஸர் எண், டெஸ்டிங் வாரண்டி எத்தனை நாள், எல்லாம் அதில் வேண்டும். சீரியல் எண் இல்லாவிட்டால், "நாங்க கொடுத்த கார்டு இது இல்லை" என்பதுதான் அடுத்த வசனம். மேலே சொன்ன கணினியில் அதுதான் நடந்தது. பில்லில் இருந்தது தேதியும் 28,000-மும் மட்டும். கடையில் வாங்கியிருந்தால் 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியலாம். ஆன்லைனில் முன்பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930, அதுவும் அன்றைக்கே, பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள்.