கோடு நாலு, நெட் இல்லை

கும்பகோணத்தில் அத்தை வீடு பழைய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரிகிற நீளம். அந்தக் காலத்து டெலிபோன் ஒயர் நுழைந்த ஓட்டை வழியாகவே ஃபைபரை இழுத்து, போன் இருந்த மாடத்தில் மோடத்தை வைத்திருக்கிறார்கள். எஸ்.டி.டி. மணி கேட்டு எல்லோரும் ஓடிவந்த அதே மாடம். பார்க்க மனசு நிறைகிறது. வைஃபைக்கு மட்டும் வீட்டிலேயே மோசமான மூலை அதுதான்.

நான் பழகிய டொராண்டோ வீடுகளில் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். பேஸ்மென்ட்டுக்கும் மாடிக்கும் ஒரே ரவுட்டர் போதும். இங்கே 9 அங்குலச் செங்கல் சுவர் ஒவ்வொன்றும் சிக்னலைத் தின்கிறது. போதாததற்கு இரும்பு பீரோ.

இரண்டாம் கட்டில் நெட் இல்லை என்றதும், சரிசெய்ய வந்த தம்பி, வைஃபை சிக்னலை வாங்கி மறுபடி பரப்பும் எக்ஸ்டெண்டரை அந்த அறையிலேயே சொருகிவிட்டு, "நாலு கோடும் வருதேம்மா" என்று கிளம்பிவிட்டார். வீடியோ கால் உறைந்து உறைந்து நிற்கிறது. அந்த நாலு கோடு, போனுக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவில் உள்ள சிக்னல். எக்ஸ்டெண்டருக்கு மோடத்திலிருந்து என்ன வருகிறது என்பதை அது காட்டாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! நெட் செத்த இடத்தில் அதை மாட்டவே கூடாது. கூடத்து முற்றத்தூண் பக்கம், மோடத்தின் சிக்னல் -65 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் கூடும்) வரை கிடைக்கிற இடத்தில் மாட்ட வேண்டும். -80 என்றால் வீண். சரியாக மாட்டினாலும், வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்றால் வேகம் பாதியாகிவிடும்.

இந்த நீளத்துக்கு ஒயர்தான் சரி. கேட் 6 நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இங்கே 25 மீட்டரே போதும். பரணில் கிடந்த பழைய ரவுட்டரே மறுமுனைக்கு ஆகும். மோடத்தின் முகவரி 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2 கொடுத்து, டிஹெச்சிபியை (போன்களுக்கு நெட் முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, ஒயரை லேன் துளையில் (வீட்டுக் கருவிகளுக்கானது) சொருக வேண்டும், வேன் துளையில் (வெளி இணைப்புக்கானது) அல்ல. டிஹெச்சிபியை அணைக்க மறந்தால் சில போன்களுக்குத் தப்பான வழி காட்டி நெட்டே நின்றுவிடும். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மோடத்தில் உள்ளதே இருக்கட்டும்; சேனல் (அலைவரிசை எண்) மட்டும் ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6.

இரண்டாம் முறை வந்தவர் அருமையான வேலைக்காரர். கேபிளுக்குள் உள்ள எட்டுக் கம்பியையும் வரிசை பிசகாமல் முனைப் பிளக்கில் அழுத்தி கிரிம்ப் செய்தார். நாலோடு நிறுத்தினால் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. அதோடு, பின்கட்டு பிளக் இன்வெர்ட்டர் லைனில் இல்லை என்று கண்டுபிடித்ததும் அவரே. கரண்ட் போனால் மோடம் ஓடும், பின்கட்டு ரவுட்டர் அணைந்துவிடும். கேட்காமலேயே அதையும் மாற்றிக் கொடுத்தார். டொராண்டோவில் இதற்கு இன்னொரு ஆள், இன்னொரு தேதி.