பினாங்கு கடலோரத்தில் மீன் சாப்பிடப் போகிறீர்களா? முதலில் தராசு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கடை பெயரைக் கேட்டு யாரும் தனிச்செய்தி அனுப்ப வேண்டாம், சொல்ல மாட்டேன். புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். விடுமுறைக்குக் குடும்பத்தோடு பினாங்கு போகிறவர்கள் நான் விழுந்த குழியில் விழக்கூடாது, அதற்காகத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன பள்ளி விடுமுறையில் நாகப்பட்டினத்திலிருந்து என் மனைவியின் சித்தியும் சித்தப்பாவும் வந்திருந்தார்கள். எனக்குச் சின்ன அத்தை, சின்ன மாமா. இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். மலேசியாவில், கிள்ளானில் எங்கள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு, காடியில் (காரில்) பினாங்கு கிளம்பினோம். நெடுஞ்சாலை முழுக்க நான்தான் பேசிக்கொண்டே வந்தேன், பினாங்கு என்றால் சாப்பாடு, சாப்பாடு என்றால் பினாங்கு என்று. காலையில் தண்ணீர்மலை முருகன் கோயில், 513 படி, மாமா மூச்சு வாங்காமல் ஏறினார், எனக்குத்தான் பாதியில் உட்கார வேண்டியிருந்தது. ராத்திரிக்குக் கடலோரத்தில் மீன் சாப்பிடலாம் என்றேன். அத்தை அப்போதே சொன்னார், "ஊர்ல திங்காத மீனா மாப்ளே, இட்லி எங்கயாவது கிடைச்சா போதும்." நான் கேட்கவில்லை. கடல் பார்த்தபடி, உயிர் மீனைக் காட்டி, அதையே சமைத்துச் சாப்பிடுவது வேறு என்றேன். அதாவது இந்தக் கதையில் முதல் முட்டாள் நான்தான்.

கடையை எப்படித் தேர்ந்தெடுத்தேன்? கைப்பேசியில் பார்த்தேன், 4.8 நட்சத்திரம். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. போனால் வாசல் முழுக்க விளக்கு, கண்ணாடித் தொட்டிகளில் நண்டு, லாலா சிப்பி, கேராப்பு மீன் (அத்தை ஊரில் கலவா), மேசைகளில் நல்ல கூட்டம். வரவேற்ற பையன் எங்களைப் பார்த்ததுமே தமிழில், "வாங்கண்ணே, வாங்கம்மா, ஊர்லேருந்து வந்திருக்கீங்களா" என்றான். தமிழில் கேட்டதும் எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது. மீதிப் பாதி, அவன் அத்தைக்கு நாற்காலி இழுத்துப் போட்டபோது போனது.

சாப்பாட்டுப் பட்டியலில் சோறு, கங்கோங் கீரை, முட்டை எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. மீன், இறால், நண்டு பக்கங்களில் மட்டும் 'நடப்பு விலை' என்று மலாயில் போட்டிருந்தது. இது ஊரெல்லாம் உள்ள வழக்கம்தான், அதற்காகவே சந்தேகப்பட முடியாது. கேட்டேன். "கேராப்பு நூறு கிராம் பதினாலு வெள்ளிண்ணே." அப்படியானால் கிலோ 140 வெள்ளி (ரிங்கிட்). அதிகம்தான், ஆனால் விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், கடல் காற்று அடிக்கிறது, சரி என்று விட்டேன்.

அத்தை தொட்டி பக்கத்தில் போய் நின்றார். நாகப்பட்டினத்துக்காரர் மீன் பார்க்கிற விதமே தனி. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றைக் காட்டினார், துடிப்பாக ஓடிக்கொண்டிருந்தது, வாலின் கீழ் ஓரம் கொஞ்சம் கிழிந்திருந்தது. பையன் அதை வலையில் அள்ளி, தண்ணீர் சொட்டச் சொட்ட பிளாஸ்டிக் கூடையில் போட்டு, "எடை போட்டுட்டு வந்து சொல்றேன்ண்ணே" என்று உள்ளே கொண்டுபோனான். வந்து சொல்லவே இல்லை. பின்னாலேயே போய்க் கேட்டிருக்கலாம். எழுந்தும் விட்டேன். மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள், சித்தப்பா முன்னால் எடை, விலை என்று மானத்தை வாங்காதே என்கிற பார்வை. உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரிக் கடைகள் கல்லா கட்டுவதே நம்முடைய இந்தக் கூச்சத்தில்தான். ஆள் நாலு பேர், அதில் வயதானவர்கள் இருவர், விருந்தாளி என்று பேச்சிலேயே தெரிகிறது, இவன் கணக்குக் கேட்க மாட்டான் என்று வாசலிலேயே அளந்துவிடுகிறார்கள்.

இறாலை எவ்வளவு என்று நான் சொல்லவில்லை, "நாலு பேருக்குப் போதுற அளவுக்குப் போடறேன்ண்ணே" என்று அவனே எழுதிக்கொண்டான். கேட்காமலே வேர்க்கடலையும் ஈரக் காகிதத் துண்டும் மேசைக்கு வந்தன. இவற்றுக்கும் காசு உண்டு, சீனக் கடல் உணவுக் கடைகளில் இது பழைய வழக்கம், தொடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டால் கணக்கில் ஏறாது. தெரிந்தும் மாமா கொறிக்க ஆரம்பித்ததால் விட்டுவிட்டேன்.

சாப்பிட்டு முடிக்கும்போது பையன் வந்து, ஐந்து நட்சத்திரம் போட்டுத் திரையைக் காட்டினால் பழத்தட்டு இலவசம் என்றான். போட்டேன் ஐயா. பில் வருவதற்கு முன்பே, என் கையாலேயே, 'அருமையான சேவை' என்று எழுதிப் போட்டேன். நாலு துண்டு தர்ப்பூசணி வந்தது. அந்த 4.8 எப்படி 4.8 ஆனது என்று அப்போதுதான் விளங்கியது. வெளியே வந்து பழைய விமர்சனங்களைப் படித்தால் எல்லாம் இரண்டு மூன்று சொல், எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் போட்டது. ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் மட்டும்தான் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். என்னைப் போலவே.

பில் கையால் எழுதியது. கடை முத்திரை இல்லை. மீன் 266, இறால் 120, கணவாய் 38, கங்கோங் 22, சோறு 12, இளநீர் நாலு 40, கடலை 6, துண்டு 4. கூட்டினால் 508. அதற்கு மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதே 508-க்கு எஸ்எஸ்டி என்கிற விற்பனை, சேவை வரி 8 விழுக்காடு. ஆக மொத்தம் 599 வெள்ளி 45 காசு. மீன் எப்படி 266 என்று கல்லாவில் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் பில்லை வாங்கி, மீன் என்று எழுதிய இடத்தின் பக்கத்தில் பேனாவால் ஏதோ கிறுக்கி, "ஒன்று புள்ளி ஒன்பது கிலோ" என்று மலாயில் சொன்னார். அந்த மீனா ஒன்று புள்ளி ஒன்பது? பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்கிறார்கள், மாமா வேறு சட்டைப்பையில் கைவிட்டபடி எழுந்து வருகிறார். அட்டையை நீட்டிவிட்டேன்.

காடியில் ஏறிய பிறகு அத்தை மெதுவாகச் சொன்னார், "அது நாம காட்டுன மீனு இல்ல மாப்ளே."

வால் முழுசாக இருந்ததாம். அது மட்டும் இல்லை. "உயிர் மீன வெட்டி உடனே வேக வச்சா முழி பிதுங்கி நிக்கும், தோலு வெடிக்கும். இதுக்கு முழி உள்ளாற போயிருந்துச்சு, சதை பஞ்சு மாதிரி. ஐஸ்ல கெடந்த மீனு." ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க ஆசையா கூட்டிட்டுப் போனீங்க, உங்கள வச்சிக்கிட்டு நான் எப்படிச் சொல்றது." ஆக, அவருக்காக நான் வாயைத் திறக்கவில்லை, எனக்காக அவர் திறக்கவில்லை. நடுவில் கடைக்காரருக்கு 600 வெள்ளி.

ராத்திரி தூக்கம் வராமல் பில்லை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். அந்த 1.9-இல் ஒன்பது, ஒன்பதாகப் பிறக்கவில்லை. முதலில் 4 எழுதி, அதன் தலையை மூடி 9 ஆக்கியிருக்கிறார்கள். 1.4 என்றால் 196 வெள்ளிதான் வர வேண்டும். அந்த 1.4-ம் கூடையோடும் தண்ணீரோடும் சேர்த்த எடையாகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம், கண்ணால் பார்க்கவில்லை.

அடுத்தது அந்த 8 விழுக்காடு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை. 2024 மார்ச் 1 முதல் சேவை வரி 6-லிருந்து 8 ஆனது உண்மை, ஆனால் உணவுக்கும் பானத்துக்கும் அது 6-ஆகவே நீடித்தது. உணவகத்தில் 8 போட்டிருந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள். இன்னொன்று, ஆண்டு வருமானம் 15 லட்சம் வெள்ளியைத் தாண்டிய உணவகம்தான் இந்த வரிக்குப் பதிந்துகொள்ள வேண்டும். பதியாத கடை வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. பதிந்த கடை என்றால் பில்லில் எண் இருக்கும், அதைச் சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் போட்டுப் பார்க்கலாம். என் பில்லில் எண்ணே இல்லை. 10 விழுக்காடு சேவைக் கட்டணமோ அரசாங்க வரியே இல்லை, கடைக்காரர் தானாகப் போடுவது. வாசலிலோ பட்டியலிலோ அதை எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு உட்காருங்கள்.

2021 நவம்பரில் லங்காவியில் ஒரு சியாக்காப் (கொடுவா) மீனுக்கு 1,196 வெள்ளி 80 காசு பில் வந்து நாடே பேசியது நினைவிருக்கும். மீன் 7.48 கிலோ, நூறு கிராம் 16 வெள்ளி. அப்போது நான் வாட்ஸ்அப்பில் சிரித்தவன், எடை கேட்காமல் சாப்பிட்டுவிட்டுப் புலம்புகிறார்களே என்று. அங்கே எடையாவது பில்லில் இருந்தது. என் பில்லில் கேட்ட பிறகுதான் எடையே பிறந்தது.

மறுநாள் காலை அத்தை கேட்டபடி லிட்டில் இந்தியா பக்கம் போய் இட்லி பசியாறினோம், சுவரில் விலை எழுதியிருந்த கடை, நாலு பேருக்கும் சேர்த்து முப்பது வெள்ளி ஆகவில்லை. அங்கிருந்து சௌராஸ்தா சந்தைக்கு நடந்தோம். ஜாதிக்காய் ஊறுகாய் வாங்கத்தான் போனது, ஆனால் அத்தை நேராக மீன் பக்கம் போய் கேராப்பு விலை கேட்டார். எங்களுக்குப் போட்ட விலையில் பாதிகூட இல்லை. சமையல் கூலி, இடவாடகை எல்லாம் உண்டு என்பது தெரியும், அதற்காக நான் சண்டை போடவில்லை. விலை அதிகம் என்பது வேறு, ஏமாற்று என்பது வேறு.

நாசி கண்டாருக்கும் இதே பாடம் கொஞ்சம் பொருந்தும். அந்தக் காலத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் சோற்றையும் குழம்பையும் தோளில் காவடி மாதிரி தொங்கவிட்டுத் தெருத்தெருவாக விற்ற சாப்பாடு அது. இன்று கேம்பல் தெருவில் 1907-லிருந்து இருக்கிற ஹமீதியா கடையில் வரிசை நிற்கிறது. சோறு, கோழி, வெண்டைக்காய் என்று எடுத்தால் பயமில்லை. பெரிய இறால், கணவாய் முட்டை, மீன் தலை, இந்த மூன்றையும் காட்டும்போது மட்டும் கரண்டி தட்டில் இறங்குவதற்கு முன் "இது எவ்வளவு பாய்?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்டேன். யாரும் முகம் சுளிக்கவில்லை, சொன்னார், வேண்டாம் என்றேன், அடுத்ததைக் காட்டினார்.

அப்புறம் புகார். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சுக்குக் கைப்பேசிச் செயலி வழியாகவே அனுப்பலாம். 2011-ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை லாபத் தடைச் சட்டம் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அவர்கள் கேட்டவை: பில், பட்டியலின் படம், எடை காட்டும் படம். என்னிடம் பில் மட்டும்தான். அதனால் தொட்டி, பட்டியல், தராசு மூன்றையும் படம் எடுத்து வையுங்கள், குடும்பப் படம் எடுக்கிற சாக்கில் எடுத்தால்கூடப் போதும். தராசில் அந்த ஆண்டின் சரிபார்ப்பு முத்திரை ஒட்டியிருக்க வேண்டும், அதையும் ஒரு பார்வை. பணத்தைத் திரும்பக் கேட்க வேண்டுமானால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது: கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, மூன்று ஆண்டுக்குள் போனால் போதும். நான் இன்னும் போகவில்லை, போவேன். நட்சத்திரத்தை அன்று இரவே ஒன்றாக்கிவிட்டேன், பத்தி பத்தியாக எழுதி.

கிளம்புகிற நாளுக்கு முதல் நாள் மாலை தெலுக் கும்பார் பக்கம் போனோம். மீன் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், இந்த முறை அத்தை விடவில்லை. சின்னக் கடை, கண்ணாடித் தொட்டி எல்லாம் இல்லை, ஐஸில் போட்டு வைத்த மீன். அத்தை நேராக உள்ளே போய்த் தராசு பக்கத்தில் நின்றுகொண்டார். பாஷை தெரியாது, வெறும் கூடையைக் காட்டி விரலால் சைகை. தவுக்கே அம்மா (கடைக்காரம்மா) சிரித்துக்கொண்டே வெறும் கூடையை வைத்து, எண்ணைச் சுழியமாக்கி, அப்புறம் மீனைப் போட்டார். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம். அதை ஒரு தாளில் எழுதி அத்தை கையிலேயே கொடுத்தார். அத்தை போகிற போக்கில் மீனின் வால் நுனியை நகத்தால் கிள்ளிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அரை மணி நேரத்தில் தட்டு வந்தது. அத்தை இஞ்சியையும் கொத்தமல்லித் தழையையும் கரண்டியால் ஒதுக்கி வாலைப் பார்த்தார். கிள்ளின இடம் அப்படியே இருந்தது. "போடுங்க மாப்ளே சோத்த" என்றார்.