மிச்சத் துணியில் பிடிதுணி: உள்ளே எதை வைப்பது?

தையலில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டு பிடிதுணி தைக்க உட்காருவோர் பெரும்பாலும் மேல்துணியின் நிறப் பொருத்தத்திலேயே நேரத்தைச் செலவிடுகின்றனர். ஆனால் சூடான பாத்திரத்துக்கும் விரலுக்கும் இடையே நின்று காப்பது கண்ணுக்குத் தெரியாத உள்ளடுக்குதான் என்பதால், முதலில் ஒப்பிட வேண்டியதும் அதையே. இழைகளுக்கு நடுவே தங்கியிருக்கும் காற்றே வெப்பத்தைத் தாமதப்படுத்துகிறது. எனவே ஒரு பொருள் எவ்வளவு காற்றைப் பிடித்துவைக்கிறது, கையால் இறுக்கும்போது அதில் எவ்வளவை இழக்கிறது, மிகுந்த சூட்டில் உருகுமா என்னும் மூன்று கேள்விகளை வைத்தே அளக்கலாம்.

அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துத் தைக்கும் மெத்தைத் தையலுக்கென விற்கப்படும் பருத்திப் பஞ்சு விரிப்பு இந்த மூன்றிலும் நன்றாகத் தேறுகிறது. பருத்தி உருகாது, அளவு மீறினால் கருகத்தான் செய்யும். ஓரடுக்கு போதாது, இரண்டு அடுக்கு வேண்டும். துவைத்தால் சற்றுச் சுருங்கும் இயல்புடையது என்பதால், தைத்த பின் மேற்பரப்பில் மெல்லிய சுருக்கங்கள் விழும். அது பிடிக்காதவர்கள் விரிப்பை முன்கூட்டியே நனைத்து உலர்த்திக்கொள்ளலாம்.

காசு செலவழிக்காமல் மிச்சத்தை மட்டுமே பயன்படுத்த விரும்புவோருக்குப் பழைய பருத்தித் துவாலை சரியான மாற்று. அதன் நூல் வளையங்கள் காற்றைத் தாங்கி நிற்கின்றன. வளையங்கள் தேய்ந்து வழவழப்பான துவாலையில் அந்தக் குணம் குறைந்துவிடுவதால், அதைத் தரை துடைக்க ஒதுக்கிவிடுவதே நல்லது. துவாலை தைக்கும்போது இழுபடும். தேவைக்கு மேல் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட்டி வெட்டி, தைத்து முடித்தபின் ஓரத்தை நேர்செய்தால் சதுரம் கோணாது. ஈரம் உலர நேரமெடுப்பது இதன் பெரிய குறை. நீரின் வெப்பங்கடத்தும் திறன் காற்றைப்போல் இருபது மடங்குக்கும் மேல் என்பதால், ஈரமான பிடிதுணியைக் கொண்டு அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குவது வெறுங்கையால் தொடுவதற்குச் சற்றே மேலானது, அவ்வளவுதான்.

பழைய ஜீன்ஸ் துணியைப் பலர் பரிந்துரைக்கின்றனர். எனக்கு இதில் உடன்பாடில்லை. தடிமனாக இருப்பதால் காக்கும் என்ற எண்ணம் தோன்றுவது இயல்பே என்றாலும், நெருக்கமாக நெய்யப்பட்ட அத்துணியில் காற்றுக்கு இடமில்லை. தேய்மானத்தைத் தாங்கும் பின்பக்கத் துணியாக அதைப் பயன்படுத்தினால் அதன் உறுதி வீணாகாது.

உலோகப் பூச்சுள்ள பாலியெஸ்டர் ஏடு பொதித்த வெப்பத்தடுப்பு விரிப்பின் விளம்பரத்தைப் படிப்பவர்கள் அது ஒன்றே போதும் என்று எண்ணிவிடுகின்றனர். அந்த ஏடு கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத் திருப்பியனுப்புவது. பாத்திரத்தை நேரடியாகப் பற்றும்போதோ வெப்பம் தொடுகையால் கடந்து வருகிறது. ஆகவே அதனுடன் ஓரடுக்குப் பருத்தியையும் சேர்த்தே தைக்க வேண்டும். உலோகம் இருப்பதால் மைக்ரோவேவ் அடுப்புக்குள் வைக்கக் கூடாது. சாதாரணப் பாலியெஸ்டர் பஞ்சோ அறவே வேண்டாம்: 250 டிகிரி செல்சியசை ஒட்டி உருகும் அது, அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும்.

மேல்துணிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். எந்த இழை என்று தெரியாத துண்டிலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியால் பிடித்துத் தட்டின் மேல் கொளுத்திப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். மணி திரண்டால் அந்தத் துண்டைப் பைக்கோ உறைக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

துண்டுகளை இணைப்பதில் இரு வழிகள் உண்டு. மனம்போன வடிவில் சின்னச் சின்னத் துண்டுகளை முதலில் ஒட்டித் தைத்து, பிறகு எட்டு அங்குலச் சதுரமாக வெட்டுவது அழகானது. ஆனால் தையல் மடிப்புகள் ஓரிடத்தில் குவிந்து ஊசி முறியும். நீளப் பட்டைகளை உள்ளடுக்கின் மேலேயே ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துப் புரட்டிச் செல்லும் முறையில் இணைப்பும் மெத்தைத் தையலும் ஒருசேர முடிந்துவிடுகின்றன. புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் இதையே சொல்வேன். எந்த முறையானாலும் 16-ஆம் எண் ஊசியும் நீளமான தையலும் தேவை. குறுக்குத் தையல்களை மிக நெருக்கமாகப் போடுவது உள்ளே இருக்கும் காற்றைத்தான் நசுக்குகிறது. ஓர் அங்குல இடைவெளி தாராளமாகப் போதும்.

ஓரத்தை மடித்துப் புரட்டித் தைப்பது எளிதாகத் தோன்றினாலும், இத்தனை அடுக்கில் மூலைகள் உருண்டு திரளும். பட்டி வைத்து முடிப்பதே சீராக அமையும். மூலைகள் நேராக இருந்தால் நேரிழையில் வெட்டிய பட்டியே போதும். வளைவாக விட்டால் மட்டும் இழைகளுக்குச் சாய்வாக, மூலைவாக்கில் வெட்டிய கிராஸ் பட்டி தேவைப்படும்.