புக்கிட் கியாராவுக்கு எந்தச் சைக்கிள்?

மலைப்பாதை சைக்கிளில் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் (குலுக்கலைத் தாங்கும் அமைப்பு) இருந்தால் ஹார்ட்டெயில். பின்னாலும் ஷாக் இருந்தால் ஃபுல் சஸ்பென்ஷன். கோலாலம்பூரின் புக்கிட் கியாரா குன்று ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இன்றும் பாதையெல்லாம் வேர்கள். மழை விட்டதும் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கும். அங்கே என் ஹார்ட்டெயிலின் பின்சக்கரம் வேருக்கு வேர் துள்ளி இடுப்பை ஒடிக்கும். ஃபுல் சஸ்பென்ஷனில் சக்கரம் மண்ணை விடாது, இறக்கத்தில் தைரியம் வரும். ஆனால் கனம் கூடுதல், விலையும்தான். பெரிய தலைவலி சேறு: பின்பகுதி அசையும் மூட்டுகளில் இருக்கும் பிவட் பேரிங்குக்குள் புகுந்தால் கிறீச் கிறீச்சென்று கத்தும். ஷாக்குக்கும் அவ்வப்போது சர்வீஸ். ஹார்ட்டெயிலைக் கழுவி, செயினுக்கு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. முதல் சைக்கிளா? ஹார்ட்டெயிலே வாங்குங்கள், அகல டயர் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். முதுகுவலி இருக்கிறதா? அப்படியென்றால் காசைப் பார்க்காதீர்கள், ஃபுல் சஸ்பென்ஷனையே எடுங்கள்.